மோட்டார்ஹோம் ஜெனரேட்டரில் பெரிய ரிப்பேர்: நாமே இறங்கலாமா, கடைக்கு விடலாமா?

நெடுஞ்சாலை_45 (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவில் ஆர்வி (வீட்டு வசதியுள்ள வண்டி) வைத்திருப்பவர்கள், ஜெனரேட்டர் வேலை தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வண்டி 2009 கிளாஸ் சி மோட்டார்ஹோம், ஃபோர்டு இ-450 சேசிஸ். ஜெனரேட்டர் பெட்ரோலில் ஓடும் ஓனன் மைக்ரோகொயட் 4000. மீட்டரில் 640 மணி நேரம். போன சீசனிலிருந்தே வேகம் ஏறி இறங்கி ஓடுகிறது, ஏசி போட்டால் அமுங்குகிறது. இப்போது கூடுதலாக இன்னொன்று: ஸ்டார்ட் ஆகிறது, சில நொடி ஓடுகிறது, தானாக நின்றுவிடுகிறது. சுவிட்ச் விளக்கு மூன்று முறை மினுக்குகிறது. ஸ்டாப்பை ஒருமுறை தட்டினால் இரண்டு, சிறு இடைவெளி, பிறகு ஏழு. கோடு 27 என்று புரிகிறது.

ஒரு சர்வீஸ் கடையில் யூனிட்டைத் திறக்காமலேயே "கரண்ட் பக்கம் போய்விட்டது, புதுசு போடுங்கள்" என்று கூலி சேர்த்து 6,800 டாலர் சொல்கிறார்கள். பிரித்துப் பார்ப்பதென்றால் மணிக்கு 180 டாலர், எத்தனை மணி ஆகும் என்று சொல்ல முடியாதாம்.

சாக்கெட் செட், மல்டிமீட்டர், ஜாக் ஸ்டாண்டு எல்லாம் இருக்கின்றன. கார் பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றும் அளவுக்குக் கை பழகியிருக்கிறது. யூனிட்டை இறக்கிப் பிரிக்கும் வேலையில் இறங்கலாமா? எதுவரை போகலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

கார்பன்_பிரஷ்

நண்பரே, இறக்குவதா வேண்டாமா என்ற முடிவை ஒத்திப்போடுங்கள். அந்த முடிவுக்குத் தேவையான தகவல் இன்னும் உங்களிடமும் இல்லை, கடைக்காரரிடமும் இல்லை. நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. வேகம் ஏறி இறங்குவது பெரும்பாலும் எரிபொருள் பக்கம். கோடு 27 மின்சாரப் பக்கம். இரண்டையும் ஒரே நோயாகப் பார்க்கும்போதுதான் "புதுசு போடுங்கள்" என்ற பதில் வருகிறது.

27 என்றால் கன்ட்ரோல் போர்டுக்கு வெளியீட்டு வோல்டேஜ் தெரியவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். வோல்டேஜே உற்பத்தியாகவில்லையா, உற்பத்தியாகியும் போர்டுக்குப் போய்ச் சேரவில்லையா என்பதை அந்த எண் சொல்லாது. அதை நீங்கள்தான் பிரித்தறிய வேண்டும்.

முதலில் ஷோர் பவர் (வெளி மின் இணைப்பு) கேபிளைப் பிடுங்குங்கள், இன்வெர்ட்டரை அணையுங்கள். ஜெனரேட்டரின் வெளியீட்டு ஒயர்கள் சேரும் ஜங்ஷன் பெட்டியைத் திறந்து, இன்ஜின் ஓடாத நிலையிலேயே கறுப்பு ஒயருக்கும் வெள்ளை ஒயருக்கும் கிளிப் வைத்த மீட்டர் லீடுகளை மாட்டுங்கள். மீட்டரை மாறுமின் (AC) வோல்ட்டில், மின்–மேக்ஸ் (மிகக் குறைந்த, மிக அதிக அளவைப் பதிவு செய்யும்) வசதி இருந்தால் அதிலும் வையுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அது ஓடும் அந்தச் சில நொடியில் மீட்டர் என்ன காட்டுகிறது என்பதுதான் பாதி விடை.

120 வோல்ட் வாக்கில் வந்து, அப்படியும் 27 காட்டி நின்றால் ரோட்டரும் (சுழலும் சுருள்) ஸ்டேட்டரும் (அசையாத சுருள்) நன்றாக இருக்கின்றன. அப்போது சந்தேகிக்க வேண்டியவை வோல்டேஜைப் போர்டுக்குக் காட்டும் சென்ஸ் ஒயர், போர்டின் கனெக்டர், கடைசியாகப் போர்டு. வெறும் 2 முதல் 5 வோல்ட் வந்தால் அது ரோட்டர் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தால் வருவது. ரோட்டரைக் காந்தமாக்கும் ஃபீல்டு கரண்ட் அதற்குப் போகவில்லை: பிரஷ் (கரண்டைக் கடத்தும் கார்பன் துண்டு), ஸ்லிப் ரிங் (பிரஷ் உரசும் சுழலும் வளையம்), ரோட்டர் சுருள், அல்லது போர்டிலிருந்து வரும் ஃபீல்டு சப்ளை. 60, 80 என்று நடுவில் நின்றால்தான் எனக்குக் கவலை வரும். இன்ஜின் வேகம் சரியாக இருந்தும் அப்படி வந்தால் சுருள்களுக்குள் ஷார்ட் இருக்கலாம்.

பல மாதம் நின்ற வண்டியில் 27 வந்தால் முதல் சந்தேகம் பிரஷ் மேல்தான். ஸ்லிப் ரிங் செம்பு கறுத்துவிடும், அல்லது பிரஷ் கூட்டுக்குள் தூசியோடு இறுகி ரிங்கைத் தொடாமல் நிற்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு பிரஷ் மூடியைத் திறங்கள். பிரஷ் ஸ்பிரிங் தள்ளலில் வழுக்கி நகர வேண்டும். ரிங்கைக் கம்யூட்டேட்டர் கல்லால் துடைத்தெடுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் பிரஷில் பதிந்து ரிங்கை அறுக்கும். பல வண்டிகளில் இந்த மூடி யூனிட்டை இறக்காமலேயே எட்டும். சிலவற்றில் கம்பார்ட்மென்ட் அமைப்பு குறுக்கே நிற்கும்.

பிரஷைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு ரிங்குகளுக்கும் இடையே ஓம் பாருங்கள். உங்கள் ஸ்பெக்குக்கான (மாடல் எண்ணின் கடைசி எழுத்து காட்டும் ரகம்) சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓப்பன் காட்டினால் ரோட்டர் போச்சு. ரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. ஸ்டேட்டரின் முதன்மைச் சுருள் ஒரு ஓமுக்கும் கீழே இருக்கும், சாதாரண மீட்டரால் அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. ஃபிரேமுக்கு லீக் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மெகர் (உயர் வோல்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்திருப்பவர்கள் போர்டின் எல்லா கனெக்டரையும் பிடுங்கிய பிறகே 500 வோல்ட் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் போர்டு அங்கேயே செத்துவிடும்.

போர்டை மட்டும் ஊகத்தில் வாங்காதீர்கள். விலை பல நூறு டாலர், எலக்ட்ரிகல் பாகம் என்பதால் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுக்காது.

பெட்ரோல்_குழாய்

கரண்ட் பக்கம் மேலே சொன்னதே போதும். வேகம் ஏறி இறங்குறதைப் பத்தி நான் சொல்றேன்.

இதுக்கு முதல் சோதனை தனி டேங்க். ஒரு கேலன் சின்ன கேன்ல புது பெட்ரோல், அதிலிருந்து ஒரு குழாய் நேரா ஜெனரேட்டரோட எரிபொருள் நுழைவாய்க்கு. வண்டியோட லைனைக் கழற்றி முனையை அடைச்சுடுங்க. கேன் வெளியில, எக்ஸாஸ்ட்டுக்கு எதிர்ப்பக்கம், எட்டி இருக்கணும். ஸ்டாப் சுவிட்சைக் கீழே அழுத்திப் பிடிச்சா பம்ப் ப்ரைம் ஆகும், டக் டக்னு சத்தம் கேட்கும். 27-ஐச் சரி பண்ணின பிறகுதான் இது பண்ண முடியும், ஏன்னா சில நொடில நிக்கிற இன்ஜின்ல ஒண்ணும் தெரியாது.

கேன்ல ஓட்டும்போது சீரா ஓடினா கார்புரேட்டர்ல குத்தமில்லை. டேங்க்ல இருந்து வர்ற லைன்ல காத்து இழுக்குது. 2009 வண்டின்னா ரப்பர் குழாய் காஞ்சு வெடிச்சிருக்க நிறைய வாய்ப்பு. வெளியில பெட்ரோல் சொட்டாது, ஆனா பம்ப் உறிஞ்சும்போது அந்த வெடிப்பு வழியா காத்து உள்ளே போகும். டேங்குக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத துண்டுதான் முதல்ல போகும். மாத்தும்போது டேங்குக்கு வெளியே எஸ்ஏஇ 30ஆர்7 அல்லது அதுக்கு மேல. பெட்ரோல்ல மூழ்குற துண்டுக்கு 30ஆர்10 மட்டும்தான். வெளிக் குழாயை உள்ளே போட்டா கொஞ்ச நாள்ல கரைஞ்சு ஃபில்டரை அடைக்கும்.

இன்னொண்ணு, டேங்க்ல கால் பாகத்துக்குக் கீழே போனா ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வராது. இஞ்சினுக்கு மிச்சம் வைக்கணும்னு பிக்கப் குழாயை வேணும்னே குட்டையா வச்சிருப்பாங்க. கால் டேங்க்ல நின்னுபோச்சுன்னா வர்றது கோடு 36, கன்ட்ரோல் சொல்லாமலே இன்ஜின் நின்னதுன்னு அர்த்தம். அது ரிப்பேரே இல்லை, பெட்ரோல் போட்டா முடிஞ்சது.

கேன்ல ஓட்டியும் ஏறி இறங்கினா கார்புரேட்டர் ஜெட்ல கோந்து. எத்தனால் கலந்த பெட்ரோலை மாசக்கணக்குல ஓட்டாம விட்டா இதுதான் நடக்கும். நல்ல சுமை கொடுக்கும்போது சரியாகி, சுமை இல்லாதப்போ மட்டும் ஆடினா ஐடில் வழி அடைச்சிருக்கு. சுமையில அமுங்கினா மெயின் ஜெட். உங்களுக்கு ரெண்டுமே இருக்கு. அந்தச் சின்ன வழிகள்ல சிலது அழுத்திப் பொருத்தின அடைப்பான்களுக்குப் பின்னாடி இருக்கு, ஸ்பிரே அடிச்சா பாதிதான் சுத்தமாகும். முழு கார்புரேட்டரை மாத்துறதே நல்லது. மாடல் எண்ணோட கடைசி எழுத்துதான் ஸ்பெக், உதாரணத்துக்கு 4கேஒய்எஃப்ஏ26100-க்குப் பின்னாடி வர்ற எழுத்து. அதைப் பார்த்து வாங்குங்க. தோற்றம் ஒண்ணா இருக்கும், ஸ்பெக் மாறினா லிங்கேஜ் நீளம் பொருந்தாது. மலிவு நகல் வாங்கி ஜெட் அளவு தப்பாகி மறுபடியும் ஆடுறது அடிக்கடி நடக்கிற கதை. கேஸ்கெட் புதுசா போடுங்க.

கவர்னர் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துற அமைப்பு) ஸ்பிரிங்கைத் திருகாதீங்க! ஆடுதுன்னு எல்லாரும் முதல்ல கை வைக்கிறது அங்கேதான். ரெண்டு துருவ ஜெனரேட்டர், 3600 சுத்துக்கு 60 ஹெர்ட்ஸ். வேகம் தப்பாப் போச்சுன்னா உள்ளே இருக்கிற ஏசி, மைக்ரோவேவ் எல்லாத்துக்கும் தப்பான கரண்ட் போகும். எரிபொருள் சரியான பிறகு, ஃப்ரீக்வென்சி காட்டுற மீட்டரை வச்சுக்கிட்டுத்தான் அதைத் தொடணும். ஸ்பெக்கைப் பொறுத்து கார்புரேட்டர்ல உயரத்துக்கான திருகு ஒண்ணு இருக்கும். மலை ஏறினப்போ யாராவது திருப்பி வச்சுட்டு மறந்திருந்தாலும் ஆடும், அதையும் பாருங்க.

கழற்றும்போது டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை வந்தா கார்புரேட்டர் வழிஞ்சு ஆயில்ல கலந்திருக்கு. ஆயில் ஏறத்தாழ 1.5 லிட்டர்தான் பிடிக்கும், கொஞ்சம் கலந்தாலே நீர்த்துப் போகும். மாத்தாம ஓட்டாதீங்க.

நியூட்ரல்_லைன்

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் கேள்வி "எங்கே நிறுத்த வேண்டும்" என்பது. அதற்கு நேரான பதில் தேவை.

என் கணக்கில் மூன்று இடங்களில் நிறுத்த வேண்டும். ரோட்டரை இழுக்கும் இடம் ஒன்று. அது கிராங்க்ஷாஃப்டின் டேப்பரில் (கூம்பு முனையில்) இறுகி உட்கார்ந்திருக்கும், நடு போல்ட்டைக் கழற்றினால் மட்டும் வராது. சரியான புல்லர் இல்லாமல் நெம்பினால் அலுமினிய எண்டு பெல் (முனை மூடி) உடையும், ஷாஃப்ட் வளையும். ரோட்டரோ ஸ்டேட்டரோ செத்துவிட்டது என்று ஓம் கணக்கு உறுதியாகச் சொன்னால், பாகத்தின் விலையையும் புது யூனிட் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4000 வாட் புது யூனிட் நாலாயிரம் டாலருக்கு மேல். 640 மணி ஓடிய இன்ஜினில் ஒரே ஒரு ரோட்டர் போட்டு மீட்பது நியாயம். ரோட்டரும் ஸ்டேட்டரும் சேர்ந்து போயிருந்தால் நியாயமில்லை.

அடுத்தது பிஸ்டன் ரிங். சாதாரண கம்ப்ரெஷன் சோதனையை நம்ப வேண்டாம், சுலபமாக ஸ்டார்ட் ஆவதற்காகக் கம்ப்ரெஷனை விடுவிக்கும் அமைப்புள்ள இன்ஜின்களில் அது குறைவாகவே காட்டும். லீக்–டவுன் சோதனை செய்யுங்கள். பிஸ்டனைக் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, கிராங்க் சுழலாதபடி பிடித்துக்கொண்டு காற்று கொடுக்க வேண்டும். எக்ஸாஸ்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். 10, 15 சதவீதம் கசிவு கவலைப்பட வேண்டியதல்ல. 20-ஐத் தாண்டி ரிங் வழியாகப் போனால் அந்த இன்ஜினில் வேறு எந்தப் பாகத்துக்கும் பணம் போடாதீர்கள். வால்வு லாஷ் (வால்வு இடைவெளி) சரிசெய்வது மட்டும் வீட்டில் செய்யக்கூடியது, எடுத்தவுடன் ரிங் என்று முடிவு கட்டாமல் முதலில் அதைப் பார்க்கவும்.

மூன்றாவது எக்ஸாஸ்ட். இதில் பணக் கணக்கே வராது. கார்பன் மோனாக்சைடு காற்றின் எடைக்கு ஏறத்தாழ சமம், தரையில் தங்காது, உயரவும் செய்யாது, வண்டிக்குள் எங்கும் கலந்துவிடும். படுக்கைக்குக் கீழேயே ஓடும் இயந்திரம் இது. கழற்றிய எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டை மறுபடி போடக் கூடாது. நெளியும் குழாயால் ஒட்டுப்போடக் கூடாது, அது விரிசல் விட்டு வாயு கசியும். வால் குழாய் வண்டியின் ஓரத்தைத் தாண்டிக் குறைந்தது 25 மில்லிமீட்டராவது வெளியே நீண்டிருக்க வேண்டும். தேசிய வனப் பகுதிகளில் ஸ்பார்க் அரெஸ்டர் (தீப்பொறி தடுப்பான்) கட்டாயம், அது இல்லாத மஃப்ளரை மாட்ட வேண்டாம். ஒயரும் குழாயும் உள்ளே நுழையும் ஓட்டைகள் அனைத்தையும் கம்பார்ட்மென்ட் பக்கம் அடைத்து மூட வேண்டும். வேலை முடிந்ததும் சிஓ அலாரத்தின் பின்புறம் இருக்கும் தேதியைப் பாருங்கள், காலாவதியாகியிருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட்.

யூனிட்டை இறக்கத்தான் வேண்டும் என்றால்: எடை 80 கிலோவை ஒட்டி வரும். கார் ஜாக்கின் ஒற்றைத் தலையில் அது நிற்காது. 200 கிலோவுக்கு மேல் தாங்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் டேபிள் வாடகைக்கு எடுங்கள், இன்னொரு ஆள் கூட இருக்கட்டும். சமமான கான்கிரீட் தரை, சக்கரங்களுக்கு முட்டு, சேசிஸுக்கு ஸ்டாண்டு. லெவலிங் ஜாக்கை நம்பி அடியில் படுக்கக் கூடாது. வண்டியின் லைனில் பெட்ரோல் தானே வடியக்கூடும், முனைக்கு மூடி தயாராக வைத்திருங்கள். எக்ஸாஸ்ட் கிளாம்ப் போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். உடைவது பெரும்பாலும் அவைதான்.

நெடுஞ்சாலை_45

மூவருக்கும் நன்றி. சொன்னபடி அளந்தேன்.

ஓடும் சில நொடியில் மீட்டர் 3 வோல்ட். பிரஷ் மூடி இறக்காமலேயே எட்டியது. ஒரு பிரஷ் கூட்டுக்குள் இறுகியிருந்தது, ரிங்குகள் கறுப்பு. ரோட்டர் ஓம் மேனுவல் எல்லைக்குள், ஷாஃப்டுக்குத் தொடர்பு இல்லை. லீக்–டவுன் 12 சதவீதம். பிரஷ் செட் புதுசு போட்டு ரிங்கைத் துடைத்ததும் 27 வரவில்லை, 122 வோல்ட் நிற்கிறது. கேன் சோதனையில் ஆட்டம் அப்படியேதான். ஸ்பெக் எழுத்துப்படி கார்புரேட்டர் ஆர்டர் செய்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். ஏசி தொடங்கும்போது ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுவதும் இதோடு சம்பந்தப்பட்டதா? ரிப்பேர் முடிந்ததும் எப்படிச் சோதிப்பது?

கார்பன்_பிரஷ்

ஸ்டார்ட்டர் சோம்பல் ஏசியோடு சம்பந்தப்பட்டதல்ல, ஏசி ஓடத் தொடங்குவதே இன்ஜின் ஓடிய பிறகு. அது பேட்டரி ஒயர். ஹவுஸ் பேட்டரி (வண்டியின் வீட்டுப் பகுதிக்கான பேட்டரி) நெகட்டிவிலிருந்து ஜெனரேட்டர் ஃபிரேமுக்கு மீட்டரை வைத்துக் கிராங்க் செய்யுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் கிரவுண்டு இணைப்பில் துரு. பாசிட்டிவ் பக்கமும் அதே சோதனை. ஜெனரேட்டரின் டெர்மினலில் கிராங்க் சமயத்தில் 10 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. இதைச் சரிசெய்யாமல் விட்டால் அடுத்து கோடு 4 அல்லது 32 வரும், அப்போது ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்வார்கள்.

சோதனைக்குச் செருகும் வகை மீட்டர் ஒன்று வாங்குங்கள், வோல்ட்டும் ஹெர்ட்ஸும் சேர்த்துக் காட்டும். சுமை இல்லாமல் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். 62 ஹெர்ட்ஸ் வாக்கில் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு 1500 வாட் ஹீட்டர் ஒன்று, ஹெர்ட்ஸ் நிலைபெற்றதும் அதோடு கூட இன்னொன்று. முழுச் சுமை 33 ஆம்பியர், அதனால் இரண்டு ஹீட்டரோடு போதும். ஹெர்ட்ஸ் சற்று இறங்கி அங்கேயே நிற்பது சரி. இறங்கி ஏறி இறங்கினால் கார்புரேட்டர் அல்லது அதன் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு. ஹீட்டரில் தேறிய பிறகே ஏசி. கம்ப்ரஸர் தொடங்கும் இழுப்பில் புது ரிப்பேரை முதலில் சோதிக்காதீர்கள்.

பெட்ரோல்_குழாய்

கார்புரேட்டர் போட்ட கையோட ஃபியூவல் ஃபில்டரையும் மாத்திடுங்க, பழைய கோந்து புது ஜெட்டுக்குப் போகக் கூடாது. ஆயில் 150 மணிக்கு ஒரு தடவை, ஆனா இப்போ மணிக்கணக்கு பார்க்காம மாத்துங்க.

மாசம் ஒரு தடவை ரெண்டு மணி நேரம், பாதிச் சுமையில ஓட்டணும், ஓனன் மேனுவலே அப்படித்தான் சொல்லுது. பத்துப் பத்து நிமிஷமா பல தடவை ஓட்டுறது அதுக்கு ஈடாகாது, ஸ்டேட்டர்ல இருக்கிற ஈரம் காயாது, பிரஷும் ரிங்கும் பளபளப்பாகாது. குளிர்காலத்துக்கு நிறுத்துறதுக்கு முன்னாடி பெட்ரோல் ஸ்டெபிலைசர் கலந்து, அது கார்புரேட்டர் வரைக்கும் போய்ச் சேர்ற அளவுக்கு ஓட்டிட்டு நிறுத்துங்க. டேங்க்ல மட்டும் ஊத்தினா கார்புரேட்டர்ல பழைய பெட்ரோல்தான் நிக்கும்.

நியூட்ரல்_லைன்

கார்புரேட்டர் வரும்வரை பயணத்துக்குக் கையில் தூக்கும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரை இணைக்க நினைத்தால் ஒரு விஷயம். ஓனனில் நியூட்ரலும் கிரவுண்டும் யூனிட்டிலேயே இணைந்திருக்கும். சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. அதனால் வண்டியின் சர்ஜ் பாதுகாப்புக் கருவி கிரவுண்டு இல்லை என்று சொல்லி மின்சாரத்தை உள்ளே விடாது. கருவியைத் தாண்டி இணைக்க வேண்டாம், நியூட்ரல்–கிரவுண்டு பாண்டிங் பிளக் (அவ்விரண்டையும் இணைக்கும் பிளக்) ஒன்றை அந்தச் சிறிய ஜெனரேட்டரின் இன்னொரு சாக்கெட்டில் செருகுங்கள். கேம்ப் தளத்தின் பெடஸ்டலில் (மின் இணைப்புக் கம்பத்தில்) அந்தப் பிளக்கை ஒருபோதும் செருகக் கூடாது. அங்கே பாண்டிங் ஏற்கெனவே பேனலில் இருக்கிறது, இரண்டாவது இணைப்பு வந்தால் கிரவுண்டு ஒயரிலும் கரண்ட் ஓடத் தொடங்கும். அந்தச் சிறிய ஜெனரேட்டரைப் பழைய யூனிட்டின் கம்பார்ட்மென்ட்டுக்குள் வைத்து ஓட்டவும் கூடாது. வண்டியிலிருந்து எட்ட, எக்ஸாஸ்ட் ஜன்னலுக்கு எதிர்த்திசை பார்த்தபடி தரையில் வையுங்கள்.